ஐந்து டன் நெல்லும் நாற்பது பேரும்

அறந்தாங்கிக்கு ரயில் வந்தது 1903-இல். அங்கிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டரில் உள்ள புதுக்கோட்டைக்கு வந்தது 1929-இல். மன்னரும் திவானும் அரண்மனையும் இருந்த சமஸ்தானத் தலைநகரம், ஒரு சந்தை ஊரைவிட இருபத்தாறு ஆண்டுகள் பிந்தித்தான் ரயிலைப் பார்த்தது. காரணம் எளிது. அறந்தாங்கி அன்று பிரிட்டிஷ் ஆட்சியின் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ஒரு செஸ்ஸையும் சேர்த்து வசூலித்து, அந்தப் பணத்தில் சொந்தமாக மீட்டர் கேஜ் பாதை போட்டது. வண்டி ஓட்டும் வேலை மட்டும் தென்னிந்திய ரயில்வேயிடம். மாயவரத்திலிருந்து 1894-இல் முத்துப்பேட்டை, 1902-இல் பட்டுக்கோட்டை, மறு ஆண்டில் அறந்தாங்கி என்று அந்தப் பாதை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. 1952-இல் காரைக்குடியோடு இணையும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அறந்தாங்கிதான் கடைசி ஸ்டேஷன். 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது, திருச்சி–மானாமதுரைப் பாதையின் ஒரு பகுதியும் இந்த ஜில்லா போர்டு பாதையின் ஒரு பகுதியும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. முதலாவது ராமேசுவரம் போகிறவர்களுக்கான நெடும்பாதை. இரண்டாவது, பழைய ரயிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெருமூச்சு வரவழைக்கிற அசல் கிளைப் பாதை.

அந்தப் பெருமூச்சில் வழக்கமாக வருபவை கரிப்புகை, விசில், மரப்பலகை இருக்கை, ஜன்னலோரம், நிலக்கடலைப் பொட்டலம். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் நாம் இழந்த பொருளின் பெயர் இவற்றில் எதுவும் இல்லை என்பதே என் வாதம். கிளைப் பாதையில் உண்மையிலேயே அருமையாக இருந்தது ஒரு கணக்கு: தனியாக ஒரு ரயிலுக்குத் தகுதியில்லாத சின்னச் சின்னச் சுமைகளைச் சேர்த்து ஒரு ரயிலை நடத்தும் கணக்கு. மிக்சட் வண்டி அந்தக் கணக்குக்குக் கிடைத்த முதல் விடை. ரயில்கார் இரண்டாவது விடை. இரண்டும் போனதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, கரிப்புகையை விட்டுவிட்டு எடையையும் நிறுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு கிளைப் பாதையில் ஒரு நாளைக்கு ஐந்து டன் நெல், நாற்பது பயணிகள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேரின் எடை இரண்டரை டன்னுக்குள் அடங்கும். ஆக மொத்தச் சுமை ஏழரை டன். இதை இழுக்க வந்த எஞ்சினின் எடை எவ்வளவு? 1949 முதல் நம் மீட்டர் கேஜ் பாதைகளில் பரவலாக ஓடிய ஒய்.பி. நீராவி எஞ்சின், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்ந்து சுமார் 100 டன். பின்னாளில் வந்த ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின் 72 டன், 1,400 குதிரைத் திறன். ஏழரை டன்னை நகர்த்த எழுபத்திரண்டு டன். மாட்டுவண்டிக்காரர்கூட இந்தக் கணக்கைக் கேட்டால் சிரிப்பார். எஞ்சினோடு டிரைவர், அவருக்குத் துணையாள், கடைசிப் பெட்டியில் கார்டு, ஸ்டேஷன்தோறும் ஒரு மாஸ்டர், கேட்தோறும் ஒரு கீப்பர். வண்டியில் நாற்பது பேர் இருந்தாலும் நானூறு பேர் இருந்தாலும் இந்தச் செலவு அசையாது. பயணிகளுக்கென்று ஒரு வண்டி, சரக்குக்கென்று ஒரு வண்டி என்று விட்டால் இந்தச் செலவு இரட்டிப்பாகும். ஆகவே இரண்டையும் ஒரே எஞ்சினில் மாட்டினார்கள். முன்னால் வேகன்கள், பின்னால் பயணிகள் பெட்டிகள், அல்லது மாற்றி. காலஅட்டவணையில் அதற்கு ‘மிக்சட்’ என்று பெயர். ஏதோ குறைச்சலான வண்டி என்று தோன்றவைக்கும் இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது, எஞ்சினின் செலவை நெல் மூட்டையும் மனிதரும் பங்குபோட்டுக்கொள்ளும் கூட்டு ஏற்பாடு.

இதற்கான விலையைப் பயணிகள் நேரமாகக் கொடுத்தார்கள். மிக்சட் வண்டி மெதுவாகப் போனது எஞ்சினுக்குச் சக்தி இல்லாததால் அல்ல. ஓட வேண்டிய நேரத்தில் ஓரளவு ஒழுங்காகவே ஓடியது. நின்றால்தான் கிளம்பவில்லை. வழியில் ஒரு ஸ்டேஷனில் ஒரு வேகனைக் கழற்றிவிட வேண்டும் என்றால் எஞ்சினைத் தனியாக்கி, பாயின்டைத் திருப்பி, அந்த வேகனை மட்டும் சைடிங்கில் தள்ளி, திரும்ப வந்து கப்ளிங் மாட்டி, பிரேக் சரிபார்த்து, பச்சைக் கொடி காட்ட வேண்டும். அரைமணி நேரம் போய்விடும். அந்த அரைமணி நேரத்தில் எஞ்சின் இல்லாத பெட்டிகளில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது மனம் சலித்தவர்களும் உண்டு, வேப்பமரத்தடியில் இறங்கி நின்று கதை பேசியவர்களும் உண்டு. பின்னாளில் எழுதப்பட்ட நினைவுகளில் இரண்டாவது வகையினரே அதிகம்.

வேகனைக் கழற்றி மாட்டும் இந்த ஷன்டிங்கை விட்டுவிட்டு வெறும் நிறுத்தத்தை மட்டும் பார்த்தாலும் விஷயம் சுவாரசியமானது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் தடை மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் எடையைச் சீராக நகர்த்த, இரண்டு கிலோ எடைக்குச் சமமான விசை ஏறக்குறைய போதும். தார்ச்சாலையில் ரப்பர் டயருக்கு இது நான்கைந்து மடங்கு ஆகும். டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அப்படி நசுங்குவதிலேயே சக்தி சூடாகக் கரைகிறது. எஞ்சின், நான்கு பெட்டி, 200 பயணிகள் எல்லாம் சேர்த்து 200 டன் என்றால், அந்த ரயிலை ஓட்டிக்கொண்டே இருக்க 400 கிலோ விசை போதும். ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 200 டன்னுக்குள் தேங்கியிருக்கும் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 2 கோடி ஜூல். பிரேக் போட்டால் அது முழுவதும் பிரேக் கட்டையில் வெப்பமாகப் போய்விடும். மறுபடி கிளம்ப அதே அளவு ஆற்றலை எஞ்சின் புதிதாகத் தர வேண்டும். அதே 2 கோடி ஜூலில் அந்த ரயில் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிடும். அதாவது, ஒருமுறை நின்று கிளம்புவது ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் வைத்தால், எரிபொருளில் பாதி தூரத்தைக் கடக்கச் செலவாகிறது, மறுபாதி ஊரில் நின்றதற்குச் செலவாகிறது.

ரயில் என்ற கருவியின் இயல்பான பலம் நிற்காமல் ஓடுவது. கிளைப் பாதையில் அதனிடம் கேட்டதோ ஒட்டங்காட்டிலும் ஆயிங்குடியிலும் வாளரமாணிக்கத்திலும், அதாவது ஒவ்வொரு சின்ன ஊரிலும், நின்று நின்று போவதை. நிறுத்தத்தின் செலவு வண்டியின் எடைக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. ஆகவே நிறுத்தங்களைக் குறைக்காமல் செலவைக் குறைக்க ஒரே வழி, வண்டியை மெலிய வைப்பது. ரயில்கார் பிறந்தது இந்த இடத்தில்தான்.

ரயில்காரின் யோசனை எளிமையானது: எஞ்சினைத் தனி வண்டியாக வைக்காதே, பெட்டிக்கு அடியிலேயே வைத்துவிடு. இலங்கையில் களனிவெளிக் குறுகிய பாதையில் 1920-களின் இறுதியில் சென்டினல் கம்பெனியின் நீராவி ரயில்கார்கள் ஓடின. பாய்லரும் பயணிகளும் ஒரே வண்டியில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி, டீசல் பேருந்தின் தொழில்நுட்பத்தை எடுத்து நான்கு சக்கர ரயில்பஸ் செய்தது. ஒற்றை எஞ்சின் வகை 15 டன் அளவுதான், ஏறக்குறைய 60 இருக்கை. 1950-களில் அது பரவியபோது கிளைப் பாதைகளைக் காப்பாற்றிய வண்டி என்றே அங்கே பேர் வாங்கியது. கணக்கைப் பாருங்கள்: ஆட்களோடு சேர்த்து 19 டன் என்றால், ஒரு நிறுத்தத்தின் ஆற்றல் செலவு நம் 200 டன் ரயிலில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அந்த ரயிலில் மொத்த எடையில் பயணிகளின் பங்கு 6 விழுக்காடு. ரயில்பஸ் நிறைந்தால் ஏறக்குறைய 19 விழுக்காடு. எடை குறைந்தால் சட்டென்று வேகம் எடுக்கலாம், சட்டென்று நிற்கலாம் என்பதால் நேரமும் மிச்சம். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி, லூப் லைனில் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்டும் வேலையும் இல்லை. இலங்கை ரயில்வே இதற்கு இன்னும் நேரடியாக ஒரு வழி கண்டது. இரண்டு பேருந்துகளை முதுகோடு முதுகு ஒட்டித் தண்டவாளச் சக்கரத்தில் ஏற்றிவிட்டார்கள். போகும்போது ஒன்று இழுக்கும், வரும்போது மற்றது. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பொறியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தியாவில் மதுரா–பிருந்தாவன் பாதையிலும் கர்நாடகத்தின் சிவமொக்கா–தாளகுப்பா பாதையிலும் மீட்டர் கேஜில் ரயில்பஸ் ஓடியது இதே தர்க்கத்தில்தான்.

அப்படியானால் ரயில்கார் ஏன் எல்லாக் கிளைப் பாதைகளையும் காப்பாற்றவில்லை? அது கணக்கின் பாதிக்குத்தான் விடை சொன்னது. நாற்பது பேரை அது ஏற்றிக்கொண்டது. ஐந்து டன் நெல்லை ஏற்ற முடியவில்லை. பின்னால் சரக்கு வேகன்களைக் கட்டி இழுக்க அதன் எஞ்சினுக்குப் போதிய தெம்பு இல்லை. சந்தை நாளிலும் திருவிழாவிலும் நாற்பது பேர் நானூறாகப் பெருகினால், வேண்டிய அளவு பெட்டிகளைச் சேர்க்கவும் முடியவில்லை. மிக்சட் வண்டியில் அந்த நெகிழ்ச்சி இருந்தது. அங்கே இன்னொரு பெட்டி மாட்டினால் போதும், எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சரக்குதான் முதலில் போனது. நெல், உப்பு, தேங்காய், உரம் என்று ஒற்றை ஒற்றை வேகனாகப் போகும் சரக்குக்கு ரயில் ஒருபோதும் வசதியாக இருந்ததில்லை. ஒவ்வொரு ஜங்ஷனிலும் அந்த வேகனை ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் கோக்க வேண்டும். மீட்டர் கேஜ் அகலப்பாதையைத் தொடும் இடத்தில் வேகனே மேற்கொண்டு போகாது. மூட்டையை ஆள் வைத்து இறக்கி அடுத்த வேகனில் ஏற்ற வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஒரு வாரம் நிற்கும் வேகன்கள் இருந்தன என்றால், ஒரே ராத்திரியில் களத்திலிருந்து அரிசி ஆலைக்குப் போகும் லாரியின் மேல் வியாபாரிக்குப் பிரியம் வந்ததில் வியப்பில்லை. ரயில்வேயும் தன் பங்குக்கு, ஒரே பொருளை ஒரே இடத்துக்கு முழு ரேக்காக அனுப்பும் முறையை நோக்கிப் போனது. நிலக்கரிக்கும் சிமென்ட்டுக்கும் அது சரி. ஐந்து டன்காரருக்கு அதில் இடமில்லை. சரக்குப் பங்காளி விலகியதும் எஞ்சினின் முழுச் செலவும் பயணிகளின் தலையில் விழுந்தது. கிளைப் பாதை நஷ்டப் பாதை ஆனது அன்றுதான். பிறகு மூடுவதற்கு ஒரு காரணம் போதும்.

இங்கே எழும் ஆட்சேபம் நியாயமானது. பேருந்து இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? ஸ்டேஷன் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும், பேருந்து வீட்டு வாசலில் நிற்கும். ரயில் நாளுக்கு இரண்டு முறை, பேருந்து கால்மணிக்கு ஒன்று. ரயில் தோற்றது இந்த இரண்டாவது காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். வேகத்தில் தோற்றிருந்தால் பொறுத்திருப்பார்கள், அடிக்கடி வராததைத்தான் பொறுக்கவில்லை. ஆனால் இந்த ஆட்சேபம் ரயில்காருக்கு ஆதரவாகவே திரும்புகிறது. அடிக்கடி வர வேண்டுமானால் வண்டி சின்னதாக இருக்க வேண்டும். இருநூறு டன் ரயிலை இரண்டு முறை விடுவதற்குப் பதில் இருபது டன் வண்டியை எட்டு முறை விட்டால், எரிபொருள் பாதியும் ஆகாது. காலையில் பட்டுக்கோட்டை போன ஆள் ராத்திரி வரை காத்திருக்கவும் வேண்டாம். பேருந்தைவிட வண்டி கனமானதுதான், ஒத்துக்கொள்கிறேன். உருளும் தடை ஐந்தில் ஒரு பங்கு என்பதால் அந்தக் கனத்தைச் சுமந்தும் ஆற்றல் கணக்கில் அது பேருந்துக்குக் கீழேதான் வரும். மாறாத பலவீனம் ஒன்று உண்டு: பாதையையும் கேட்டையும் பராமரிக்கும் செலவு. பேருந்துக்குச் சாலையைப் பொதுப்பணம் போடுகிறது, ரயில் தன் பாதையைத் தானே சுமக்கிறது. இதை மறைத்துவிட்டு ரயில் மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது அந்தப் பெருமூச்சுக்கு வருவோம். ஏக்கத்துக்கும் அறிவியல் உண்டு. சொந்த ஊரை விட்டுப் போன இளைஞர்கள் உருக்குலைவதைப் பார்த்து, 1688-இல் பாசல் நகரில் யோகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தபோது, அதை ஒரு நோயாகவே கருதினார். இன்றைய உளவியல் அதை நோய் என்று சொல்வதில்லை. ஆனால் நினைவு ஒரு பாரபட்சக்காரர் என்பதை நிரூபித்திருக்கிறது. வயதானவர்களிடம் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவை விகிதத்துக்கு மீறி வந்து குவிகின்றன. மீட்டர் கேஜில் பள்ளிக்கூடம் போன தலைமுறைக்கு அந்த வயதில் ஓடிய ரயில் அது. வாசனைக்கு வேறு ஒரு சலுகை இருக்கிறது. மற்றப் புலன்களின் செய்தி மூளையின் தலாமஸ் என்ற சந்திப்பில் நின்று போக, மூக்கின் செய்தி அங்கே நிற்காமல் உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளை நேராகத் தொட்டுவிடுகிறது. கரிப்புகையின் வாசனை ஐம்பது வருடம் தாண்டி நிற்பதும், அந்தப் பயணத்தில் எத்தனை மணி நேரம் தாமதம் என்பது மறந்துபோவதும் இதனால்தான்.

சத்தத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். பழைய மீட்டர் கேஜ் தண்டவாளம் ஒன்று ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். இரண்டு தண்டவாளங்களை பிஷ்பிளேட் என்ற இரும்புப் பட்டையை இருபுறமும் வைத்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். விடியற்காலைக்கும் சித்திரை நண்பகலுக்கும் இடையே தண்டவாளத்தின் வெப்பம் முப்பது டிகிரி ஏறினால், 12 மீட்டர் இரும்பு நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். அந்த இடைவெளியில் சக்கரம் இறங்கி ஏறும் சத்தம்தான் ‘தடக்’. போகிக்கு இரண்டு அச்சு என்பதால் அது ‘தடக்-தடக்’ என்று இரட்டையாகக் கேட்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வண்டி போனால், ஒரு நிமிடத்துக்கு 55 மூட்டுகள் கடக்கும். ஓய்வாக இருக்கும் மனிதரின் இதயத்துடிப்புக்குப் பக்கத்தில் வரும் எண் அது. 43 வினாடிகளில் எத்தனை மூட்டு என்று எண்ணினால், அந்த எண்ணே கிலோமீட்டரில் வண்டியின் வேகம். தாலாட்டு மாதிரி இருந்தது என்பவர்கள் மிகைப்படுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு ‘தடக்’கும் தண்டவாள முனையில் ஓர் அடி. முனை நசுங்கும், போல்ட் தளரும், கேங்மேன் சாவியோடு வெயிலில் நடக்க வேண்டும். இன்று நெடுந்தூரத்துக்கு வெல்ட் செய்த தண்டவாளத்தில் சத்தம் இல்லாமல் போனது ஒரு பராமரிப்பு வெற்றி. அந்தச் சத்தத்துக்காக ஏங்கலாம், அதைத் திரும்பக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

கடைசியில் இந்த அறந்தாங்கிப் பாதையும் அகலப்பாதை ஆனது. 1992-இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தின் கைக்கு இது எட்டியபோது, கம்பன் பெயரைத் தாங்கி அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்கு ஓடிய எக்ஸ்பிரஸ் உட்பட எல்லாம் நின்றன. காரைக்குடி–பட்டுக்கோட்டை 73 கிலோமீட்டர் 2012-இல் மூடப்பட்டு 2018-இல் திறந்தது. பட்டுக்கோட்டை–திருவாரூர் 76 கிலோமீட்டரும் முடிந்து, 2019 ஜூன் முதல் தேதி திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே டெமு வண்டி விட்டார்கள். எஞ்சின் தனியாக இல்லாத, இரு முனையிலிருந்தும் ஓட்டத்தக்க வண்டி. ரயில்காரின் பெரிய பேரன் என்றே சொல்லலாம். ஆனால் 149 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. மிக்சட் வண்டியே பரவாயில்லை என்று ஜனங்கள் கேலி பேசினால் தப்பில்லை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கேட்களுக்குக் கீப்பர் போதவில்லை. ஆகவே கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி கேட்டை மூடுவார். வண்டி மெதுவாகக் கடந்து மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். ஒரு கேட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் இருபது கேட்டுக்கு ஒரு மணி நேரம். நிறுத்தத்தின் இயற்பியல் இங்கே ஊரே இல்லாத இடத்தில், யாரும் ஏறாமலும் இறங்காமலும் வேலை செய்துகொண்டிருந்தது. பின்னர் கீப்பர்களை நியமித்த பிறகே நேரம் குறைந்தது.

இந்த நிகழ்ச்சி ஏக்கத்தின் குருட்டுப்புள்ளியைக் காட்டுகிறது. பழைய பாதையில் கேட்டுக்கு ஓர் ஆள் இருந்தார், கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு இருந்தார். எந்த நினைவுக் கட்டுரையிலும் அவர் வருவதில்லை. புகைவிடும் எஞ்சின் வருகிறது. அறந்தாங்கி வண்டி நேரத்துக்குப் போனதற்கு எஞ்சினைவிடப் பெரிய காரணம் அவர்தான்.

நெடுந்தூர வண்டிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸ் 2023 ஏப்ரலில் இந்தத் தடத்துக்கு வந்தது. புதிய பாம்பன் பாலம் திறந்த 2025 ஏப்ரலில் தாம்பரம்–ராமேசுவரம் வண்டியும் சேர்ந்தது. ஜில்லா போர்டின் செஸ்ஸில் போட்ட பாதை சென்னைக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் ஒரு மாற்றுத் தடமாகிவிட்டது. ரயிலின் இயல்பான பலம் அதுதான் என்று மேலே சொன்னேன், ஆகவே இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆயிங்குடியில் அந்த வண்டிகளுக்கு வேலையில்லை. அங்கே ஏறுகிறவருக்குத் தேவை ஒரு சின்ன வண்டி, ஒரு நாளில் எட்டு முறை. அவருடைய ஐந்து டன் நெல் எப்போதோ லாரிக்குப் போய்விட்டது, திரும்பாது. நாற்பது பேர் இன்னும் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு மெயின் ரோட்டில் பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான்.